துரை மாடியேறிய கதை: கென்ட் நாள்குறிப்பு

வியாழன் இரவு, டன்பிரிட்ஜ்

அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. இனி ஞாயிறுவரை இதுதான் ஜாகை.

இங்கிலாந்தின் கிராமத்து மாளிகை என்றதும் நம் கண்ணில் வருவது ஒரே படம்தான். முன்னால் வெள்ளைத் தூண்கள், வாசலுக்கு வளைந்து போகும் சாலை, ஏரி, அதில் ரெண்டு அன்னம். அந்த மாதிரி வீடுகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. காலனிப் பணமும் கரும்புத் தோட்டப் பணமும் பலவற்றில் கலந்திருக்கும். நான் தேடி வந்தது அதற்கு முந்தையதை. இந்த வீடுகள் எந்த வடிவத்திலிருந்து வளர்ந்தன, முதன்முதலில் அவற்றில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்குக் கென்ட் மாவட்டத்தைவிட வசதியான இடம் இல்லை. லண்டன் பக்கத்திலேயே இருப்பதால், காசு பார்த்த வியாபாரி, பதவி பிடித்த பேராயர், அரசனின் கண்ணில் பட்டவன் என்று எல்லோரும் இங்கேதான் நிலம் வாங்கினார்கள். காட்டில் ஓக் மரம், தரைக்குக் கீழே கல். பென்ஸ்ஹர்ஸ்ட், ஐட்டம் மோட், நோல் என்று மூன்று வீடுகளைக் குறித்துவைத்திருக்கிறேன். மூன்றும் அண்ணனின் காரில் அரை மணிக்குள்.

"மூணுமே பழைய வீடுதானே, ஒண்ணு பார்த்தா பத்தாதா?" என்கிறார் அண்ணன். அண்ணி மட்டும் வருவதாகச் சொல்லிப் புளி ஊறப்போட்டிருக்கிறார்.

வெள்ளி, பென்ஸ்ஹர்ஸ்ட்

தோட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே பெருங்கூடத்துக்குள் போனோம். உள்ளே கால் வைத்ததும் கழுத்து தானாக அண்ணாந்துவிட்டது. தரையிலிருந்து கூரை உச்சிக்கு 60 அடி. நீளம் 62 அடி, அகலம் 39 அடி. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. செஸ்ட்நட் மரம் என்று அவர்கள் சொல்லும் உத்தரங்கள் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் வளைந்து எழும்பி மேலே கூடுகின்றன. அவை சுவரைத் தொடும் இடங்களில் ஆளுயர மரச் சிற்பங்கள். சாமியும் இல்லை, அரசனும் இல்லை. பண்ணையில் வேலை செய்த சனங்களின் உருவங்கள் என்கிறார்கள். கூரையின் பாரத்தைத் தாங்குவதுபோலக் குனிந்து நிற்கின்றன. செதுக்கியவனுக்குக் குறும்பா, உண்மையைச் சொல்லிவிடும் துணிச்சலா, தெரியவில்லை. யார் முதுகில் இந்த வீடு நிற்கிறது என்று வாசலிலேயே சொல்லிவைத்துவிட்டான்.

கட்டியவர் சர் ஜான் டி புல்ட்னி. பரம்பரைப் பிரபு இல்லை. லண்டனில் துணி வியாபாரம் பார்த்தவர். நான்கு முறை லண்டன் மேயர். அரசன் மூன்றாம் எட்வர்டுக்கே கடன் கொடுக்கிற அளவுக்குக் கை நிறைய இருந்தது. வீட்டுக்குக் கோட்டைபோலப் பல் வைத்த மதில் கட்டிக்கொள்ள அரசனிடம் அனுமதி வாங்கியது 1341ல். அன்றைக்கு அந்த அனுமதிச் சீட்டு பாதுகாப்புக்கு உதவியதைவிடக் கௌரவத்துக்கு உதவியதுதான் அதிகம். எட்டே வருஷம். 1349ல், கொள்ளைநோய் இங்கிலாந்தைச் சூறையாடிய வருஷத்தில், புல்ட்னி போய்ச் சேர்ந்தார்.

கூடத்தின் நடுவில் எண்கோண வடிவில் ஓர் அடுப்பு. அடுப்பு என்றால் சுவரில் பதித்ததில்லை. தரையோடு தரையாக விளிம்பு கட்டி, நடுவில் இரும்புத் தாங்கிகள், அவற்றின்மேல் கட்டைகள். சுற்றிலும் நின்று குளிர்காயலாம். புகைபோக்கி கிடையாது. புகை எழும்பி, கூரையில் அதற்கென்று வைத்த திறப்பு வழியாக வெளியே போனது. போக மனமில்லாதது உள்ளேயே சுற்றியது. இப்படித் திறந்த அடுப்புகள் ஒருகாலத்தில் எல்லாப் பெரிய வீட்டிலும் இருந்தன. அநேகமாக எல்லோரும் பின்னால் பெயர்த்துவிட்டுச் சுவரில் கணப்பு வைத்துக்கொண்டார்கள். இங்கே அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அண்ணி அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க அம்மாச்சி வீட்டு அடுப்படி இதேதான் தம்பி. புகை ஓட்டு இடுக்கு வழியா போகும், கண்ணு வழியா தண்ணி வரும்" என்றார்.

இந்த ஒரே அறைதான் அன்றைக்கு வீடு. மற்றதெல்லாம் இதன் இரண்டு முனைகளிலும் ஒட்டிக்கொண்டவை. ஒரு முனையில் தரை சற்று உயர்ந்த மேடை. அதில் குறுக்காகப் போட்ட மேசையில் துரையும் அவர் குடும்பமும். கீழே நீளவாக்கில் போட்ட மேசைகளில் வீட்டைச் சேர்ந்த மற்ற எல்லோரும். இந்த நீள மேசைகளில் இரண்டு இன்னும் இங்கே இருக்கின்றன, 15ஆம் நூற்றாண்டு. கிட்டப் போய்ப் பார்த்தேன். கால்கள் தனி, மேல்பலகை தனி. சாப்பாடு முடிந்ததும் பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டால் அதே இடம் வழக்கு பேசவும் கூத்தாடவும் ஆகும், ராத்திரி வைக்கோல் மெத்தை விரித்து வேலைக்காரர்கள் படுக்கவும் ஆகும். பலகையின் ஓரங்கள் தேய்ந்து மழமழவென்று வளைந்திருக்கின்றன. எத்தனை முழங்கை பட்ட இடமோ.

மறுமுனையில் மரத்தடுப்பு. அதற்குப் பின்னால் பீர்ப் பீப்பாய்க்கு ஓர் அறை, ரொட்டிக்கு ஓர் அறை, இரண்டுக்கும் நடுவே சமையற்கட்டுக்குப் போன வழி. மேல்முனை, கீழ்முனை என்ற இந்த அமைப்பு கிராமத்துச் சிறு பண்ணையார் வீட்டிலிருந்து அரச மாளிகைவரை ஒன்றுதான், அளவுதான் வேறு. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் கல்லூரிகளின் சாப்பாட்டுக் கூடங்கள் இன்றைக்கும் இப்படித்தான் இருக்கின்றன.

ஆனால் மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு கல் படிக்கட்டும் இருக்கிறது. மாடியில் துரையின் தனியறை. புல்ட்னி காலத்திலேயே கட்டியது. சாப்பிட்டுவிட்டுச் சந்தடியையும் புகையையும் கீழே விட்டுவிட்டு மேலே போய்விடலாம். அந்த அறையின் சுவரில் ஒரு சிறிய சாளரம், கூடத்தைப் பார்த்தபடி. அங்கிருந்தே கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று நோட்டம் விடலாம். நானும் குனிந்து பார்த்தேன். கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்கோண அடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் மேலே ஆள் இருப்பது தெரியவில்லை.

இந்தப் படிக்கட்டில்தான் என் பயணத்தின் கதை இருக்கிறது என்று பட்டது. கூடம் கட்டுகிறவனே அதிலிருந்து தப்பிக்க வழியும் சேர்த்துக் கட்டுகிறான். அதே 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் வில்லியம் லாங்லண்ட் இதைத் திட்டியே எழுதியிருக்கிறார்: துரையும் துரைசாணியும் உட்காராத கூடம் களையிழந்து கிடக்கிறது, பணக்காரனெல்லாம் ஏழைகளைத் தவிர்க்கத் தனி அறையில், புகைபோக்கி வைத்த அறையில் சாப்பிடப் பழகிவிட்டான் என்று. அப்போதே தொடங்கிவிட்டது.

மீதிக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். கோட்டை மதிலும் கோபுரங்களும் புல்ட்னிக்குப் பின் வந்தவர்கள் எழுப்பியவை. பக்கிங்ஹாம் கோமகன் 1519ல் எட்டாம் ஹென்றிக்கு இங்கே தடபுடலாக விருந்து வைத்தார். 1521ல் அதே ஹென்றி அவர் தலையை வாங்கினான், வீடும் அரசுக்குப் போனது. 1552ல் ஆறாம் எட்வர்ட் இதை சர் வில்லியம் சிட்னிக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் குடும்பம்தான். கவிஞரும் போர்வீரருமான ஃபிலிப் சிட்னி 1554ல் பிறந்ததும் இங்கேதான்.

பென் ஜான்சன் இந்த வீட்டைப் புகழ்ந்து எழுதிய கவிதை 1616ல் அச்சானது. துரை சாப்பிடும் அதே இறைச்சி, அதே ரொட்டி, அதே பீர் விருந்தாளிக்கும் இங்கே கிடைக்கிறது என்று மெச்சுகிறார். இதை எடுத்துச் சொல்லிப் புகழ வேண்டிவந்தது என்றால், மற்ற வீடுகளில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தடுத்த அறைகளில் ஓவியம், சரவிளக்கு, பட்டு நாற்காலி. நன்றாகத்தான் இருந்தன, எனக்கு மனம் ஒட்டவில்லை. தோட்டத்தில் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

சனி, ஐட்டம் மோட்

காலையில் தூறல். சரிவில் இறங்கி நடக்கும்போது வீடு கண்ணில் படவே இல்லை. மரங்கள் விலகியதும் திடீரென்று கீழே பள்ளத்தில், நான்கு பக்கமும் தண்ணீர் சூழ, கல்லும் மரச்சட்டமுமாக உட்கார்ந்திருக்கிறது. மேட்டில் நின்று ஊரை மிரட்ட வேண்டும் என்று நினைத்துக் கட்டியவன் இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். அகழி அழகாக இருக்கிறது. நாலு பேர் ஏணியோடு வந்தால் தாங்குமா என்பது சந்தேகம்.

வீட்டின் மிகப் பழைய பகுதி 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. உத்தரங்களின் மரவளையங்களை எண்ணிப் பார்த்துக் கணித்திருக்கிறார்கள். பாலம் தாண்டி, வாசல் கோபுரத்தின் அடியில் நுழைந்தால் கல் பாவிய முற்றம். நேர் எதிரே கூடம். பென்ஸ்ஹர்ஸ்ட் பார்த்த கண்ணுக்கு இது சின்னது. ஆனால் ஒரு வீரருடைய குடும்பத்துக்கு இது போதுமானது. இங்கிலாந்து முழுக்க இருந்த நடுத்தர வீட்டுக் கூடங்கள் இந்த அளவில்தான் இருந்திருக்கும். இங்கேயும் கூரை வளைவுகளைக் குந்திய உருவங்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சுமைதூக்கிகளை எந்தச் சிற்பியும் சிரிக்கவிடவில்லை.

சுவரில் இருக்கும் கணப்பு பின்னால் வந்தது. கணப்பு சுவருக்குப் போனால் கூரைத் திறப்பு தேவையில்லை. புகை நின்றால் கூரைக்குக் கீழே இடைத்தளம் போட்டு மாடி எடுக்கலாம். ஒரு செங்கல் புகைபோக்கி வந்ததும் இங்கிலாந்து முழுக்க எத்தனையோ பழைய கூடங்கள் குறுக்கே வெட்டுப்பட்டு, கீழே இரண்டு அறை மேலே மூன்று அறை என்று ஆகிவிட்டன. சண்டைகளையும் சட்டங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் புகைபோக்கிக்கு இரண்டு வரிதான் ஒதுக்குகிறார்கள்.

கூடத்தைத் தாண்டினால் வீடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த விதம் தெரிகிறது. ஒரு தலைமுறை தனியறை சேர்த்தது, ஒன்று சிற்றாலயம், ஒன்று வாசல் கோபுரம். 1521ல் வாங்கிய சர் ரிச்சர்ட் கிளமென்ட் அரசவையில் வேலை பார்த்தவர். ராஜவிசுவாசத்தைக் காட்டும் ஆசையில் கண்ட இடத்திலெல்லாம் ஹென்றியின் டியூடர் வம்சத்து ரோஜாச் சின்னத்தையும், அவன் முதல் மனைவி கேத்தரினின் மாதுளைச் சின்னத்தையும் பதித்துவிட்டார். புதிய சிற்றாலயத்தின் மரக்கூரை பீப்பாயைக் கவிழ்த்த வடிவம். அதில் தீட்டிய சின்னங்கள் வெளுத்துப்போய் இன்னும் தெரிகின்றன. சில வருஷங்களில் ஹென்றி கேத்தரினைத் தள்ளிவைத்தான். கூரையை அழிக்க யாரும் மெனக்கெடவில்லை. ஏணி போட்டு ஏறிச் சொரண்டக் கூலி யார் கொடுப்பது?

அதுதான் இந்த வீட்டின் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன். செல்பி குடும்பம் 1591 முதல் ஏறக்குறைய 300 வருஷம் இதை வைத்திருந்தது. வசதியானவர்கள்தான், ஆனால் இடித்துவிட்டுத் தூண் வைத்துக் கட்டும் அளவுக்கு வசதி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் காசு கொழித்த இடங்களில் பழைய கூடங்கள் தரைமட்டமாயின. கை கடித்த குடும்பங்களில் தப்பித்தன.

1950களின் தொடக்கத்தில் இதற்கும் கண்டம் வந்தது. கூரை ஈயத்துக்காகவே இடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கிப்போட்டார்கள். 1953ல் அவர்களிடமிருந்து அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹென்றி ராபின்சன் வாங்கினார். கப்பலில் ஊர் திரும்பும்போது மனம் மாறி, "எனக்கு வீடு வேண்டாம்" என்று கடிதமும் எழுதினாராம்; தபால்தலை கிடைக்காததால் அனுப்பவில்லை, கரையிறங்குவதற்குள் மனம் மறுபடி மாறிவிட்டது என்று கதை சொல்கிறார்கள். 1985ல் அவர் காலமானபோது வீடு, பழைய வீடுகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. 1989 முதல் 2004 வரை பகுதி பகுதியாகப் பிரித்துப் பழுதுபார்த்தார்கள். செலவு 1 கோடி பவுண்டுக்கு மேல்.

முற்றத்தில் ஒரு நாய்க்கூண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டைடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காகக் கட்டியது. வீட்டைப் போலவே இதற்கும் முதல்தரப் பாதுகாப்புச் சின்னம் என்ற அந்தஸ்து உண்டு. ஒரு ஆணி அடிக்க வேண்டுமானாலும் அனுமதி வேண்டும். அண்ணிக்கு இது தாங்கவில்லை. "நாங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ஷெட் போட என்ன பாடுபட்டோம், இங்க நாய்க்கு அரசாங்கக் காவலா" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறு, நோல்

இன்று அண்ணனும் வந்தார். மான் இருக்கிறது என்று சொல்லித்தான் கிளப்ப முடிந்தது. செவனோக்ஸ் ஊரின் கடைத்தெருவை ஒட்டியே பூங்காவின் வாசல். உள்ளே போனால் மான்கள் மனிதரை லட்சியமே செய்யாமல் மேய்கின்றன. மேட்டின்மேல் வீடு. வீடு என்பது பேச்சுக்குத்தான். பார்வைக்கு ஒரு சிற்றூர். 365 அறை, 52 படிக்கட்டு, 7 முற்றம் என்று நாள்காட்டிக் கணக்கு சொல்வார்கள். அழகான கணக்கு, நம்ப வேண்டியதில்லை.

கான்டர்பரி பேராயர் தாமஸ் பூர்ஷியர் 1456ல் இதை 266 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸுக்கு வாங்கி மாளிகையாக்கினார். அதன்பின் பேராயர்களின் வீடு. 1530களின் கடைசியில் எட்டாம் ஹென்றியின் கண் பட்டது. அப்போது பேராயராக இருந்த கிரான்மர், "மாட்சிமை தங்கிய தங்களுக்கு இது போதாதே" என்று நைசாகப் பேசி, பக்கத்தில் ஆட்ஃபோர்டில் இருக்கும் தன் இன்னொரு மாளிகையைக் காட்டினார். அந்த இடம் தாழ்வு, உடம்புக்கு ஆகாது, நோல்தான் நல்ல மண் என்று ஹென்றி சொல்லிவிட்டான். கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டான்.

முதல் முற்றத்தில் புல், இரண்டாவதில் கல், அதைத் தாண்டினால் கூடம். பூர்ஷியர் கட்டிய கூடம்தான். ஆனால் மேலே பார்த்தால் உத்தரம் இல்லை, தட்டையான சுண்ணச் சாந்துக் கூரை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசாங்கக் கருவூலத் தலைவர் தாமஸ் சாக்வில் கைக்கு வீடு வந்தபோது செய்த மாற்றம். கீழ்முனை மரத்தடுப்பு முழுக்கச் சிற்ப வேலைப்பாடு. கொஞ்சம் இடம் கிடைத்தாலும் ஓர் உருவத்தைச் செருகிவிட்டார்கள்.

பென்ஸ்ஹர்ஸ்டில் பார்த்த படிக்கட்டு ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கல் படி. இங்கே அதே படிக்கட்டுதான் வீட்டின் அலங்காரமே. 1605க்கும் 1608க்கும் இடையில் சாக்வில் வைத்தது. அகலமான மரப்படிகள், சுவரெல்லாம் ஓவியம், கைப்பிடித் தூண் உச்சியில் கேடயம் பிடித்த சிறுத்தை. விருந்தாளி கூடத்தில் நிற்கவே தேவையில்லை. அதைக் கடந்து இதில் ஏறி, மாடியிலுள்ள பெரிய அறைக்குப் போய்விடுவார். கூடம் வரவேற்பறையாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் காலியாகவும் இல்லை. சாக்வில்லின் பேரன் ரிச்சர்டும் அவர் மனைவி ஆன் கிளிஃபோர்டும் இங்கே வாழ்ந்த காலத்தில், 1613 முதல் 1624 வரை, வீட்டில் யார் எந்த மேசையில் சாப்பிட்டார்கள் என்று எழுதிவைத்த பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. நூறு பேருக்கு மேல். துரையின் மேசை தனி. அடுத்த தரத்தாருக்கு உள்ளறை மேசை. எழுத்தர்களுக்குக் கூடத்தில் ஒன்று. பெரும்பாலான ஆண் பணியாளர்களுக்கு அதே கூடத்தில் நீள மேசை. சலவைப் பெண்களுக்குத் தனி, குழந்தைகள் பகுதிக்குத் தனி, சமையற்கட்டும் பாத்திரம் தேய்க்கும் இடமும் தனி. ஒரே கூரையின்கீழ் ஏழு பந்தி! பந்தி பிரிப்பது நமக்குப் புதிதா என்ன, அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சலவைப் பெண்களின் மேசையில் கிரேஸ் ராபின்சன் என்ற பெயர். சமையற்கட்டு வரிசையில் ஜான் மொராக்கோ. இருவருமே கறுப்பர்கள் என்று பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 400 வருஷத்துக்கு முன் ஒரு கென்ட் மாளிகையின் கடைசி மேசைகளில் ஆப்பிரிக்க வம்சத்தவர் இருவர். இந்த வீட்டின் ஓவியங்களில் எத்தனையோ துரைமாரின் முகங்கள் தொங்குகின்றன. அவர்களைவிட இந்த இரண்டு பேர்தான் என்னோடு ரொம்ப நேரம் நடந்தார்கள்.

இன்னொரு சங்கதி. 2014ல் மேல்தள அறை ஒன்றின் தரைப்பலகையை எடுத்தபோது, அடியில் இருந்த உத்தரங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள் கிடைத்தன. சூனியக்காரிகளும் பேயும் அண்டாமலிருக்கத் தச்சர்கள் போட்ட காப்புக் கோடுகள். அரசன் முதலாம் ஜேம்ஸ் வந்தால் தங்குவதற்குத் தயார் செய்த அறை அது. மரவளையக் கணக்குப்படி 1606ஐ ஒட்டிய வேலை. அதாவது நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி பிடிபட்டு, ஊரே மிரண்டு கிடந்த நேரம். கோடுகள் இருந்த இடம்தான் முக்கியம்: கணப்பைச் சுற்றி. கதவைப் பூட்டலாம், சன்னலைச் சாத்தலாம். புகைபோக்கியை அடைக்க முடியாது, கெட்டது அது வழியாகத்தான் இறங்கும் என்ற பயம். புகையிலிருந்தும் கூட்டத்திலிருந்தும் தப்பித் தனியறைக்கு வந்த துரைக்கு, அந்த அறையைத் தந்த புகைபோக்கியே பேய் வரும் பாதை. பலகை மூடியபின் கோடுகளை அரசனும் பார்த்திருக்க முடியாது; ஜேம்ஸ் வந்து தங்கியதாகவும் தெரியவில்லை.

வாரிசுச் சண்டைகளுக்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: இங்கேயே பிறந்து வளர்ந்த எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட், பெண் என்பதால் 1928ல் அப்பா இறந்தபோது வீடு சித்தப்பாவுக்குப் போனது. அண்ணிக்குக் கோபம். அண்ணன் மானைப் பார்க்கப் போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: ஐட்டம் மோட், நோல் இரண்டும் நேஷனல் டிரஸ்ட் கையில் இருப்பதால் ஒரே உறுப்பினர் அட்டை போதும். பென்ஸ்ஹர்ஸ்ட் குடும்பச் சொத்து, தனிச் சீட்டு எடுக்க வேண்டும்; குளிர்காலத்தில் வீடு மூடியிருக்கும், தேதி பார்த்துக்கொண்டு போங்கள். மூன்றையும் பார்க்க நேரம் இருந்தால் நான் போன வரிசையிலேயே போங்கள், நோலை முதலில் பார்த்தால் மற்ற இரண்டும் சப்பென்று தோன்றும். ஒரு நாள்தான் என்றால் பென்ஸ்ஹர்ஸ்ட். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஐட்டம் மோட் போகலாம், அகழியும் நாய்க்கூண்டும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும்.